சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து சிஎஃப்ஏ: புத்தகமா, கேள்விகளா, கோலாலம்பூர் வகுப்பா?

முதலீட்டுத் துறையினருக்கான சிஎஃப்ஏ பட்டத்தின் முதல் நிலைத் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை பாடநூலை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுப் போய்த் தோற்றேன். இரண்டாம் முறை கேள்விகளோடு மல்லுக்கட்டித் தேறினேன். என் சித்தப்பா மகன் கோலாலம்பூரில் வார இறுதி வகுப்புக்குப் போனான். ஆக, மூன்று வழிகளையும் ஒரே வீட்டில் பார்த்தாயிற்று. சுங்கை சிப்புட்டில் குடியிருந்துகொண்டு, பகலில் ஈப்போவில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவர்களின் கணக்கு வேறு.

தேர்வில் மொத்தம் 180 கேள்விகள். 135 நிமிடங்கள் வீதம் இரண்டு அமர்வுகள். ஒரு கேள்விக்கு 90 வினாடி. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் தரப்பட்டிருக்கும், தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரப் படிப்பு தேவை என்பது தேர்வை நடத்தும் நிறுவனமே சொல்லும் அளவு. வேலை நாள்களில் இரவு ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்குப் பன்னிரண்டரை மணி. 300ஐ எட்ட 24 வாரம் ஆகும். நடுவில் தீபாவளியும் தைப்பூசமும் இரண்டு கல்யாணங்களும் வரும். அதனால் எந்த வழி சிறந்தது என்று கேட்பதைவிட, ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால் எந்த வழி அதிகமாகத் திருப்பித் தருகிறது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பாடநூலின் பலம், அதில் இல்லாத எதையும் தேர்வில் கேட்க மாட்டார்கள் என்பது. பலவீனம், அதன் கனம். பத்துப் பாடங்கள். நான் கடைசிப் பாடத்துக்கு வந்து சேர்ந்தபோது முதலில் படித்த புள்ளியியல் முழுவதும் ஆவியாகிப் போயிருந்தது. பக்கமெல்லாம் மஞ்சள் கோடு. கோடு போட்ட வரியைத் திரும்பப் பார்த்தால் தெரிந்தது போலவே இருக்கும். அந்தத் 'தெரிந்தது போல'தான் ஆளைக் கவிழ்க்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததிலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பழகியவர்களே முந்தினார்கள். நான் இதைத் தோற்ற பிறகு படித்தேன்.

கேள்வி வழி தொடக்கத்தில் அவமானப்படுத்தும். ஒரு பாடத்தின் சுருக்கக் குறிப்பை ஒரு முறை வாசித்துவிட்டு நேராகக் கேள்விக்குப் போனால் பாதிகூடத் தேறாது. தேறாததை ஒரு தப்பு நோட்டில் எழுதினேன்: என்ன விடை போட்டேன், ஏன் போட்டேன், எது சரி. எடுத்துக்காட்டாக, சரக்கிருப்பின் மதிப்பைக் குறைத்து எழுதிய பிறகு விலை மீண்டும் ஏறினால், பழைய விலையைத் தாண்டாமல் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஐஎஃப்ஆர்எஸ் என்ற சர்வதேசக் கணக்கியல் விதி அனுமதிக்கிறது; அமெரிக்கக் கணக்கியல் விதி அனுமதிப்பதில்லை. மலேசியாவில் நாம் பயன்படுத்தும் எம்எஃப்ஆர்எஸ் சர்வதேச விதியை ஒட்டியது என்பதால், அலுவலகப் பழக்கம் கையை ஒரே பக்கமாக இழுக்கும். புத்தகத்தில் இதை மூன்று முறை வாசித்தும் பதியவில்லை. இரண்டு முறை தப்பாகப் போட்டதும் பதிந்துவிட்டது.

எந்தப் பாடத்தை எப்போது திரும்பத் தொடுவது என்பதில் எனக்கு வழிகாட்டியவர் அம்மா. ரப்பர் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். இன்று வெட்டிய நிரையை நாளை வெட்ட மாட்டார்கள். ஒரு நாள் விட்டு வெட்டினால்தான் பால் ஊறும். என் அட்டவணையையும் அப்படியே போட்டேன்: இன்று கடன் பத்திரம், நாளை நிதி அறிக்கை, மறுநாள் மீண்டும் கடன் பத்திரம். "பரீட்சைக்குமா பெரட்டு?" என்று அம்மா சிரித்தார். காலையில் தோட்டத்து ஆள்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு.

கேள்வி வழி சறுக்கும் இடம் நெறிமுறைப் பாடம். 15 முதல் 20 சதவீதம் வரை இதிலிருந்தே வருகிறது. வேறு எந்தப் பாடத்துக்கும் இவ்வளவு எடை இல்லை. மொத்த மதிப்பெண் தேர்ச்சி விளிம்பில் நின்றால், இந்தப் பாடத்தில் எப்படிச் செய்தீர்கள் என்பதையும் பார்க்கிறார்கள். ஒரு சொல் மாறினால் விடை மாறும். சுருக்கக் குறிப்பை நம்பாமல் மூலத்தை, அதிலுள்ள எடுத்துக்காட்டுகளோடு, வரி வரியாகப் படியுங்கள். இங்கே மட்டும் புத்தகக் கட்சிக்கு என் வாக்கு.

இன்னொரு சறுக்கல் கால்குலேட்டர். அனுமதிக்கப்பட்டவை இரண்டு வகைதான்: டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ், எச்பி 12சி. நான் வாங்கியது முதலாவது. கடையிலிருந்து வரும்போது அது சங்கிலி முறையில் இருக்கும். இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு என்று அழுத்தினால் 20 என்று காட்டும். அமைப்பை மாற்றினால்தான் 14 வரும். இதை அறியாமல் ஒரு மாதம் என் மூளையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மாதிரித் தேர்வு அன்று முதல் முறையாக உறையைப் பிரிக்காதீர்கள்.

இனி வகுப்பு. சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். விரைவு ரயில் நிற்கிறது என்பது வசதிதான். ஆனாலும் போக வர ஆறு மணி நேரம் போய்விடும். வாரப் படிப்பு நேரத்தில் பாதி அது. ரயிலில் படிக்கலாம் என்பார்கள். ஈப்போ தாண்டுவதற்குள் தூங்கிவிடுவோம். கட்டணத்தைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் வகுப்புக்குப் போன தம்பி, அந்தச் சித்தப்பா மகன், முதல் முறையிலேயே தேறிவிட்டான். இது என் வாதத்துக்கு இடைஞ்சல்தான், மறைக்கவில்லை. அவன் படித்தது பொறியியல். வட்டி விகிதம் ஏறினால் பத்திர விலை ஏன் இறங்குகிறது, நீண்ட காலப் பத்திரம் ஏன் அதிகமாக இறங்குகிறது என்பதை ஓர் ஆசிரியர் வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டிய பிறகே அவனுக்குப் பிடிபட்டது. தவிர, சனிக்கிழமை இரவு கோலாலம்பூருக்கு அருகே ரவாங்கில் அத்தை வீட்டில் தங்கினான்; சாப்பாட்டுக் கவலை இல்லை. நிதிப் படிப்பின் அடிப்படை இல்லாதவர்களுக்கும் ரவாங்கில் அத்தை இருப்பவர்களுக்கும் வகுப்பு சரிப்படும். கணக்குத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு முழு மாதிரித் தேர்வையே எழுதி முடிக்கலாம்.

இப்போது இருவரும் இரண்டாம் நிலைக்குப் படிக்கிறோம். அங்கே கேள்விகள் தனித்தனியாக வருவதில்லை. நீளமான ஒரு விவரணையைக் கொடுத்து, அதன் கீழ் நான்கு கேள்விகள் கேட்பார்கள். மொத்தம் 88. தம்பி மறுபடியும் வகுப்பில் சேரப் போகிறானாம். என் தப்பு நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், இன்னும் திருப்பித் தரவில்லை.