தொல்லியல் படிக்க: பேராதனையா, யாழ்ப்பாணமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஹட்டன், நுவரெலியாப் பக்கப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. (வெட்டுப்புள்ளி இடம் கொடுத்தால்தான்!)

தூரம்: பேராதனைக்கு ரயிலேறினால் போதும், நினைத்தால் வீட்டுக்கு வரலாம். யாழ்ப்பாணத்துக்குக் கண்டி போய் பஸ் மாறணும், லீவுக்குத்தான் வீடு.

செலவு: இரண்டிலும் படிப்பு இலவசம். மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் சாப்பாட்டுக்கே கையைக் கடிக்கும்.

மொழி: இதுதான் பெரிய தலையிடி. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே படிக்கலாம். பேராதனையில் ஆங்கிலம் இல்லாமல் சரிவராது; எந்த மொழிமூலம் என்று பதியுமுன் பீடத்தில் கேட்டுவிடுங்கள்.

களம்: பேராதனைக்குப் பக்கத்தில் 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரை. கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி தென்னிந்தியர். தூண்களைப் பார்த்தாலே திராவிடக் கைவேலை தெரியும். யாழ்ப்பாணப் பக்கம் பழைய குடியிருப்பு இருந்த கந்தரோடை, 1980இல் பழைய எழுத்துள்ள முத்திரை கிடைத்த ஆனைக்கோட்டை. அகழ்வு என்றால் சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டி, கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டுத் துண்டைத் தூரிகையால் துடைத்து, எந்த மண்படையில் கிடந்தது என்று எழுதிப் பையில் போடுவது. மலைநாட்டுக் குளிருக்குப் பழகியவர்களை யாழ்ப்பாண வெயில் வாட்டும்.

பெருங்கற்காலம் (பெரிய கற்களால் புதைகுழி கட்டிய காலம்), பானை ஓடு என்று ஆசைப்பட்டால் யாழ்ப்பாணம். கோயில் கட்டடக்கலை, தொல்பொருள் திணைக்கள வேலை என்றால் பேராதனை. அந்த வேலைக்குச் சிங்களத்தை முதல் வருடமே பிடித்துக்கொள்ளுங்கள்.