ஞாயிறு விளையாட்டு விஞ்ஞான வகுப்பு: ஒரு வலைப்பந்து ரீச்சரின் அனுபவம்

யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிலையம் நடத்தும் விளையாட்டு விஞ்ஞானச் சான்றிதழ் வகுப்பைப் போன ஆவணியில் முடித்தேன். 14 ஞாயிற்றுக்கிழமைகள், காலை 8.30 இலிருந்து 1 மணி வரை. கட்டணம் 28,000 ரூபா, இரண்டு தவணையாகக் கட்டலாம். உடற்றொழிலியல் 7 வாரம், உளவியல் 5 வாரம், சமூகவியல் 2 வாரம். சேரலாமா என்று நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது. குறைகளையும் எழுதப் போவதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை.

நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் 17 வருடமாகக் கற்பிக்கிறேன். வலைப்பந்தாட்ட அணிக்கும் நான்தான் பொறுப்பு. நான் படித்த காலத்தில் பயிற்சி என்றால் மைதானத்தை ஐந்து சுற்று ஓடுவது, பிறகு பந்து எறிவது. அதையேதான் என் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். வலய மட்டத்தில் வடிவாக ஆடும் அணி, மாகாண மட்டத்துக்குப் போனதும் முதல் ஆட்டத்திலேயே சுருண்டுவிடும். மூன்று வருடம் தொடர்ந்து இப்படி. ஏன் என்று தெரியவேண்டும் என்றுதான் சேர்ந்தேன்.

முதல் நாள் விரிவுரையாளர் பலகையில் இரண்டு பெயர் எழுதினார். ஒருவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்: யாழ் மத்திய கல்லூரியில் படித்தவர், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர். மற்றவர் தர்ஜினி சிவலிங்கம்: 6 அடி 10 அங்குல உயரம், 2018 இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர். "இவை வென்றது உடம்பாலயா, மனத்தாலயா, சுத்தியிருந்த ஆக்களாலயா?" என்று கேட்டார். நாங்கள் 31 பேரும் உடம்பு என்றுதான் சொன்னோம். "சரி, எங்கட ஊரில உயரமாப் பிறந்த பிள்ளையள் இந்த ரெண்டு பேர்தானா? மிச்சப் பேர் எங்க?" என்றார். வகுப்பில் சத்தமே இல்லை. அந்தக் கேள்விக்காகவே இரண்டாவது ஞாயிறும் போனேன்.

உடற்றொழிலியல் பகுதிக்குக் கொடுத்த காசு முழுவதும் தகும். கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தச்சரிடம் சொல்லிச் செய்வித்த 41.3 சென்ரிமீற்றர் உயர மரப்பெட்டி, தாளம் தட்டுகிற ஒரு தொலைபேசிச் செயலி, ஒரு கைக்கடிகாரம். பெண்கள் நிமிடத்துக்கு 22 தடவை ஏறி இறங்கவேண்டும், மூன்று நிமிடம். நிறுத்தி 5 விநாடி கழித்து, அடுத்த 15 விநாடி நாடியை எண்ணி நாலால் பெருக்கவேண்டும். எனக்கு 152 வந்தது. அதை 0.1847 ஆல் பெருக்கி 65.81 இலிருந்து கழித்தால், உடம்பு ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த முடியும் என்று அண்ணளவாகத் தெரியும். எனக்கு 37.7 மில்லிலீற்றர். அடுத்த நாளே பாடசாலைத் தச்சு வேலைக்காரரிடம் அதே அளவில் பெட்டி செய்யக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து சுற்று ஓட்டத்தையும் அந்தப் பகுதிதான் மாற்றியது. வலைப்பந்தில் ஒரு பிள்ளை ஒரே மூச்சில் ஓடுவது சில விநாடிதான். பாய்வது, நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்வது. முழு வேகத்தில் பாயும்போது தசையில் சேமித்திருக்கும் சக்தி ஏறத்தாழ 10 விநாடிக்குத்தான் தாங்கும், அது திரும்ப நிரம்ப ஓய்வு வேண்டும். மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் மெதுவாக ஓடத்தான் பழகும். இப்போது 6 விநாடிப் பாய்ச்சல், அரை நிமிட நடை, மீண்டும் பாய்ச்சல். பிள்ளைகளுக்கும் இதுதான் பிடிக்கிறது.

தண்ணீர் விஷயமும் அப்படியே. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்க்கச் சொன்னார்கள். ஆனி வெயிலில் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பிள்ளை 46.2 கிலோவிலிருந்து 45.4 ஆனாள். அந்த 800 கிராமும் அநேகமாகத் தண்ணீர். நான் இளநீர் கொடுத்தால் போதும் என்று இருந்தேன். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் கூடப் போவது சோடியம். எங்கள் அம்மம்மா தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி கொடுப்பார். அந்தக் கஞ்சியை நான் மைதானத்துக்குக் கொண்டுபோக 17 வருடம் எடுத்திருக்கிறது.

இதே பகுதியில் கற்ற இன்னொன்று 6 இலிருந்து 20 வரையான களைப்பு அளவுகோல். சுவீடனைச் சேர்ந்த போர்க் என்பவர் உருவாக்கியது. பிள்ளையிடம் "களைக்குதா?" என்று கேட்டால் "இல்லை ரீச்சர்" என்பாள், எப்போதும். எண் சொல்லச் சொன்னால் கதை வேறு. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்புக்கு ஓரளவு கிட்ட வரவேண்டும் என்பது கணக்கு. வளையத்துக்குள் பந்து எறிகிற எங்கள் கோல் சூட்டர் பிள்ளை 11 என்றாள். மணிக்கட்டில் கைவைத்து எண்ணினேன், 176. அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாள் உடல் சூடாக்கும் பயிற்சியிலேயே 150 தாண்டியது. வகுப்பில் கேட்டபோது விரிவுரையாளர் கண்டிப்பாகச் சொன்னார்: "நீங்கள் நோய் சொல்லக் கூடாது. டொக்டரிட்ட அனுப்புங்கோ." தாயிடம் சொல்லி இரத்தம் சோதித்தார்கள். இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோகிற ஹீமோகுளோபின் 9.8. அவள் வயதுப் பெண்ணுக்கு 12 ஆவது இருக்கவேண்டும். இந்தப் பிள்ளையைத்தான் போன வருட மாகாணப் போட்டியில் "உனக்கு மனத்துணிவு இல்லை" என்று எல்லோருக்கும் முன்னால் பேசினேன். அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பேசாமல் தலையை ஆட்டினாள். பிறகு "அணியிலயிருந்து எடுத்துப்போடுவீங்களோ எண்டுதான் 11 சொன்னனான்" என்றாள்.

உளவியல் பகுதி எனக்குத் திருப்தி இல்லை. ஐந்து வாரத்தில் மூன்று வாரம் "உன்னால் முடியும்" என்ற பேச்சிலேயே போய்விட்டது. பரிசளிப்பு விழாவில் கேட்கிற பேச்சைக் கேட்கக் காசு கட்டத் தேவையில்லை. 1908 இல் யேர்க்ஸ், டொட்சன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றி ஒரு வரைபடம் காட்டினார்கள்: உற்சாகம் குறைந்தாலும் ஆற்றல் குறையும், அளவு மீறினாலும் குறையும் என்று. சரி, என் பிள்ளை அதில் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று தடவை கேட்டும் பதில் வரவில்லை.

நாலாவது வாரம் வேறொருவர் வந்தார், முன்னாள் கூடைப்பந்து வீரர். அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார், அது போதும். வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்திருக்க 3 விநாடிதான் விதி. வளையம் 3.05 மீற்றர் உயரத்தில். அந்த 3 விநாடிக்குள் தாய் நிற்கிறாரா, ரீச்சர் முறைக்கிறாரா, போன பந்து ஏன் தவறியது என்று பிள்ளையின் மனம் எங்கெல்லாமோ போகும். அதனால் ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரே ஒழுங்கைப் பழக்கச் சொன்னார்: காலை ஊன்று, மூச்சை நீளமாக விடு, வளையத்தின் பின்விளிம்பைப் பார், எறி. முழங்கை, மணிக்கட்டு என்று போட்டி நேரத்தில் எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. நன்றாகப் பழகிய அசைவை இடையில் யோசித்தால் குழம்பிவிடும். கோட்டுக்கு வெளியே நின்று "முழங்கை, முழங்கை" என்று கத்துவது என் வழக்கம். இப்போது போட்டியில் என் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இனிச் சமூகவியல். இரண்டே வாரம். அதில்தான் நான் கேட்டு வந்த கேள்விக்குப் பதில் இருந்தது.

முதல் வாரம் எல்லோரையும் கீழே முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தில் பெரிய விற்றராசு ஒன்றைக் கட்டி, அதில் கயிறு. ஒவ்வொருவராக இழுக்கவேண்டும். எங்கள் குழுவில் நாலு பேர்: 41, 36, 33, 30 கிலோ. கூட்டினால் 140. பிறகு நாலு பேரும் சேர்ந்து இழுத்தோம். முகம் சிவக்க இழுத்தோம். தராசு 112 இல் நின்றது. மிச்சம் 28 கிலோ எங்கே போனது? யாரும் வேண்டுமென்று கள்ளம் பண்ணவில்லை. பிரான்சில் ரிங்கல்மான் என்ற வேளாண்மைப் பொறியியலாளர் நூறு வருடத்துக்கு முன்னமே இதை அளந்து 1913 இல் வெளியிட்டிருக்கிறார். எட்டுப் பேர் சேரும்போது ஒருவரின் பங்கு தனியே இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதி ஆகிவிடுகிறதாம். கொஞ்சம், எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் போகிறது. கொஞ்சம், மற்றவர் இழுப்பார் என்று உடம்பு தானாகத் தளர்வதால் போகிறது.

ஒரு அண்ணா கேட்டார், "அப்ப நல்லூர்த் தேர் வடம் பிடிக்கேக்கையும் இப்பிடியோ சேர்?" நல்ல கேள்வி. அங்கே ஒவ்வொருவரும் தன் நேர்த்திக்காக இழுக்கிறார். தன் பங்கு தனக்கு முக்கியமாக இருந்தாலோ, தன் உழைப்பு தனியாகத் தெரிந்தாலோ தளர்வு குறையும் என்று விரிவுரையாளர் விளக்கினார். அன்று பின்னேரமே அணியின் ஏழு பேருக்கும் ஏழு பத்தி போட்டு ஒரு கொப்பி தொடங்கினேன். யார் எத்தனை பந்தைப் பிடித்தாள், எத்தனையைத் தடுத்தாள் என்று. கோல் மட்டும் எண்ணிய காலத்தில் பின்காப்புப் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பார்வையாளர் விஷயமும் அந்த வாரம்தான் வந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகப் பழகியது இன்னும் நன்றாக வரும், அரைகுறையாகப் பழகியது இன்னும் மோசமாகும் என்று 1965 இல் சையன்ஸ் என்ற உளவியலாளர் எழுதினார். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் நடக்கிற 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெற் போட்டியில் துடுப்பாடும் பொடியன்களுக்குச் சனம் பழக்கம். எங்கள் பெண்பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வலய மட்டத்தில் யார் வருகிறார்கள்? மாகாணப் போட்டியில்தான் முதல் தடவை 200 பேருக்கு முன்னால் நிற்கிறார்கள். மூன்று வருடம் நான் தேடிய காரணத்தில் பாதி இதுதான் என்று நம்புகிறேன். இப்போது பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் பழகுகிற நேரத்துக்கு, அவர்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் எறிதல் பயிற்சியை வைக்கிறேன்.

கடைசி வாரத்துக்கு ஒரு வேலை தந்தார்கள்: விளையாட்டை விட்ட பெண்பிள்ளைகள் ஐந்து பேருடன் கதைத்து வரவேண்டும். நான் ஏழு பேரின் வீட்டுக்குப் போனேன். ஒருத்திக்கு இரண்டரை மணிக்கு ரியூசன். ஒருத்தி கறுத்துப்போவாள் என்று பெரியம்மா சொல்லிவிட்டாராம். ஒருத்திக்கு ஐந்தரைக்குப் பிறகு பஸ் இல்லை. இரண்டு பேர் கட்டைக் காற்சட்டைக்குக் கூச்சப்பட்டு நின்றவர்கள். ஒருத்தி மாதவிலக்கு நாட்களில் மாற்றிக்கொள்ள மைதானத்தில் இடமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ஏழாவது பிள்ளை அழுதாள், நான் ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். ஒருத்திகூட விருப்பமில்லை என்று சொல்லவில்லை. நான் படித்த வகுப்பிலும் 1995 போர் இடம்பெயர்வுக்குப் பிறகு விளையாட வராமல் போனவர்கள் எத்தனை பேர். அவர்களையும் அன்று நினைத்தேன்.

பயிற்சியை 4.45 க்கு முடிக்கிறேன். காற்சட்டைக்கு உள்ளே நீளக் காலுறை போடலாம் என்று அறிவித்தேன். விளையாட்டு அறைக்குப் பக்கத்துக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கிக் கதவுக்குக் கொண்டி போட்டோம். ஏழு பேரில் மூன்று பேர் திரும்ப வந்திருக்கிறார்கள்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். விரிவுரை தமிழில் நடந்தாலும் வீட்டில் புரட்டிப் படிக்க முடியாமல் பலர் திணறினார்கள், இரண்டு பேர் இடையில் நின்றும் விட்டார்கள். ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போவோம் என்று விளம்பரத்தில் இருந்தது, போகவில்லை. மேல்மாடி மண்டபத்தில் மூன்று மின்விசிறி, ஆடி மாதத்தில் அது காணாது. வகுப்பு முடிந்து நாலரை மாதம் கழித்துத்தான் சான்றிதழ் கையில் கிடைத்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, சமூகவியலுக்கு இரண்டு வாரம் மட்டும் ஒதுக்கியது. உளவியலில் வீணான மூன்று வாரத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம். நிர்வாகத்திடம் எழுத்திலும் கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். கட்டணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: செய்முறை எத்தனை மணி நேரம், குறிப்பு தமிழில் கிடைக்குமா. சொந்த அணி ஒன்று கையில் இருக்கிறவர்களுக்குத்தான் இது முழுப் பயன் தரும், ஞாயிறு கேட்டதைத் திங்கள் மைதானத்தில் செய்து பார்க்கலாம்.

அடுத்த பிரிவு தை கடைசியில் தொடங்குகிறது. எங்கள் பாடசாலையிலிருந்து இளைய ரீச்சர் ஒருவர் சேர்கிறார். என் குறிப்புக் கொப்பியைத் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். கோல் சூட்டர் பிள்ளைக்கு இப்போது ஹீமோகுளோபின் 11.6. சனிக்கிழமைகளில் தாயும் மைதானத்துக்கு வருகிறார். 15 விநாடி நாடி எண்ணுவது எப்படி என்று அவருக்கும் காட்டிக் கொடுத்தேன்.