வீல் நட்டுக்கு எந்த சாக்கெட்: 19-ஆ, 21-ஆ, அதற்கு நடுவிலா?

ஜாக்கி இருக்கும், ஸ்டெப்னியில் காற்றும் இருக்கும். ஆனால் கையில் உள்ள சாக்கெட் நட்டின் மேல் ஏறாது. அல்லது ஏறிவிட்டு, அழுத்தம் கொடுத்ததும் வழுக்கும். டயர் மாற்றும் வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நட்டு வாங்கும்போது பெட்டியில் எம்12, 1.5 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் மரையின் அளவு. அதை வைத்து சாக்கெட் வாங்க முடியாது. சாக்கெட்டுக்கு வேண்டியது, நட்டின் எதிரெதிர் தட்டைப் பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம். ஒரே எம்12 மரை கொண்ட நட்டு 17, 19, 21 மி.மீ. என எந்தத் தலையோடும் வரலாம்.

கார்களில் அடிக்கடி பார்ப்பது நான்கு அளவு. ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ போன்றவற்றில் நட்டுக்குப் பதில் போல்ட் வரும், அதற்குப் பெரும்பாலும் 17 மி.மீ. ஹோண்டா, சுசுகி கார்களில் 19. டொயோட்டா, ஹூண்டாய் பக்கம் போனால் 21. பெரிய பிக்கப் வண்டிகளில் 22-ம் உண்டு. இது தோராயக் கணக்குதான். முந்தைய உரிமையாளர் அலாய் வீல் மாட்டும்போது நட்டையும் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. வெர்னியர் (நுட்பமாக அளக்கும் அளவுகோல்) வைத்து அளந்துவிடுவதே மேல்.

அங்குல சாக்கெட்டை மி.மீ. நட்டுக்குப் போடலாமா? 3/4 அங்குலம் என்பது 19.05 மி.மீ., ஆகவே 19-க்குத் தயங்காமல் போடலாம். 13/16 அங்குலம் 20.64 தான், 21 நட்டில் ஏறாது. சுத்தியலால் தட்டி ஏற்றினால் கழற்றுவது பெரும்பாடு. 7/8 அங்குலம் 22.2 மி.மீ. 22 நட்டில் ஏறிவிடும், ஆனால் கொஞ்சம் ஆடும். அவசரத்துக்குச் சரி, இறுகிப்போன நட்டுக்கு வேண்டாம்.

அளவை விட முக்கியமாக நான் நினைப்பது சாக்கெட்டின் உள்வாய். ஆறு முனை, பன்னிரண்டு முனை என்று இரண்டு வகை உண்டு. பன்னிரண்டு முனை எந்தக் கோணத்திலும் சட்டென்று உட்காரும், அதனால் வசதியாகத் தெரியும். ஆனால் அது நட்டைப் பிடிப்பது மூலைக்கு வெகு அருகில். ஆறு முனை, மூலையிலிருந்து தள்ளி தட்டைப் பக்கத்தில் அழுத்தும். ஒரு மழை இரவில் பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் போட்டு, கைப்பிடியில் ஏறி நின்று மிதித்தேன். 'டக்' என்று சத்தம் கேட்டதும் நட்டு விட்டுக்கொடுத்தது என்று சந்தோஷப்பட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது, ஆறு மூலையும் மழுங்கி, விளிம்பில் பளபளவென்று இரும்புச் சீவல். அன்றோடு வீல் நட்டுக்குப் பன்னிரண்டு முனையை நான் எடுப்பதில்லை.

அப்புறம், கறுப்பு இம்பேக்ட் சாக்கெட்டா, பளபளக்கும் குரோம் சாக்கெட்டா? கையால் மட்டும் திருப்புவதென்றால் நல்ல குரோம் சாக்கெட் போதும். நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பேக்ட் கன்னில் அதை மாட்டவே கூடாது. அது கடினமான இரும்பு, தொடர்ந்து அடி விழுந்தால் உடைந்து தெறிக்கும். கறுப்பு சாக்கெட் அந்த அடியைத் தாங்கவே செய்யப்பட்டது. அதில் ஒரே சிக்கல், சுவர் தடிமன். அலாய் வீலில் நட்டு ஆழமான குறுகிய குழிக்குள் இருந்தால் அது உள்ளே போகாது, போனாலும் வீலைச் சுரண்டும். இதற்கென்றே மெல்லிய சுவரும், வெளியே பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆழமான இம்பேக்ட் சாக்கெட் வருகிறது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதை, ஆறு முனையில், அரை அங்குல டிரைவில் (கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு) வாங்குங்கள். குட்டை சாக்கெட் வேண்டாம். வாய் திறந்த நட்டில் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குட்டை சாக்கெட் அதில் முட்டி, பாதி நட்டைத்தான் பிடிக்கும்.

நான்கு தலை கொண்ட சிலுவை ஸ்பேனர் டிக்கியில் இருந்தால் நல்லது, இரண்டு கையாலும் சமமாகத் திருப்பலாம். அலாய் வீல் குழியில் அதன் தடித்த தலையும் முட்டும்.

கடைசியாக, உப்பிய நட்டு. சில நட்டுகள் இரும்பின் மேல் மெல்லிய பளபளப்பான தகட்டுத் தொப்பி போட்டு வருபவை. உள்ளே ஈரம் புகுந்து துரு பிடித்தால் தொப்பி உப்பும். நேற்று வரை ஏறிய 19 இன்று ஏறாது, 20 போட்டால் வழுக்கும். இதற்காகவே 19.5, 21.5 என்று அரை அளவு சாக்கெட்டுகள் உண்டு. நான் அதைக் கழற்ற மட்டும் பயன்படுத்துவேன். உப்பிய நட்டைத் திரும்ப மாட்டாமல், தொப்பி இல்லாத ஒற்றை உலோக நட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். மரையும், வீலில் உட்காரும் அடிப்பக்க வடிவமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும்.

சாக்கெட் வாங்கிய அன்றே நான்கு சக்கரத்திலும் போட்டுப் பாருங்கள். கையால் தள்ளினாலே அடிவரை போக வேண்டும், இடம் வலமாக அசைத்தால் லேசான ஆட்டம்தான் இருக்க வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை மட்டும் தளர்த்தி, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச்) திரும்ப முடுக்குங்கள். முன்பு யாராவது கன் வைத்து அளவுக்கு மேல் இறுக்கியிருந்தால், அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.