இரண்டு கையும் காலி: குழந்தை கேரியருடன் 13 மாதங்கள்

கைக்குழந்தை என்ற சொல்லின் முழுப் பொருள் மகள் பிறந்த மூன்றாவது வாரத்தில்தான் எனக்கு விளங்கியது. குழந்தை கையில் இருக்கும். அதனால் கையில் வேறெதுவும் இருக்க முடியாது. பல் துலக்க, துணி மடிக்க, வந்தவருக்குக் கதவு திறக்க, எல்லாவற்றுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். "ஒரு நிமிஷம் பிடிங்க" என்று மனைவியும், "ஒரு நிமிஷம் பிடி" என்று நானும் மாறி மாறிச் சொன்னதைத் தவிர அந்த மாதத்தில் நாங்கள் உருப்படியாகப் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

கேரியர் வாங்கியது அந்த அலுப்பில்தான். குழந்தையை மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் பை. இடுப்பில் ஒரு அகலமான பட்டை, தோளுக்கு இரண்டு பட்டைகள், மாட்டிக்கொள்ள மூன்று பக்கிள்கள். நான்கைந்து மீட்டர் நீளத் துணியை உடம்பில் சுற்றிக் கட்டும் வகையும் உண்டு. அதையும் ஒருவரிடம் கடன் வாங்கி முயன்றோம். பிறந்த குழந்தைக்கு அதைவிட இதமானது இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைத்தூக்கத்தில் ஐந்து மீட்டர் துணியைத் தரையில் படாமல் சுற்றும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. பக்கிள் வகையே போதும் என்று முடிவு செய்தோம். எங்களுடையது 3.5 கிலோவிலிருந்து 15 கிலோ வரைக்கானது. மகள் பிறக்கும்போது 2.9 கிலோ. அவள் 3.5 கிலோவைத் தொட்ட ஐந்தாவது வாரத்தில் முதன்முறை மாட்டினோம். இப்போது அவளுக்கு 14 மாதம், 9.4 கிலோ. இடையில் கேரியரைத் தொடாத நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

முதல் நாள் படுதோல்வி. கையேட்டில் ஆறு படங்கள். ஆறிலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்கிறார். நான் கண்ணாடி முன்னால் நின்று, முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கிளை எட்ட முடியாமல் நாய் தன் வாலைத் துரத்துவது போலச் சுற்றினேன். மகள் வீறிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் சூட்சுமம் பிடிபட்டது. பின்பக்கிளை முதலிலேயே போட்டுவிட்டு, பட்டையைத் தளரவிட்டு, சட்டை போல மேலிருந்து மாட்டிக்கொண்டால் போதும். குழந்தையை உள்ளே வைத்த பிறகு இறுக்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு தலையணையை வைத்துப் பழகுங்கள். தலையணை அழாது. இன்னொன்று, குழந்தை பசியில் இருக்கும்போது பழகாதீர்கள். எங்கள் முதல் நாள் தோல்விக்குப் பாதிக் காரணம் அதுதான்.

எப்படி உட்கார வைப்பது என்பதில் மட்டும் அலட்சியம் கூடாது. கால்கள் நேராகத் தொங்கக் கூடாது. முழங்கால்கள் பின்புறத்தைவிடச் சற்று மேலே இருக்க, தொடைகள் முழுவதும் துணியில் தாங்கி, முன்னாலிருந்து பார்த்தால் ஆங்கில எம் எழுத்து போலத் தெரிய வேண்டும். இடுப்பு மூட்டு சரியாக வளர அந்த நிலைதான் உகந்தது. மூச்சு இன்னும் முக்கியம். குழந்தையின் முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாம் தலை குனிந்தால் குழந்தையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் அது இருக்க வேண்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரலாவது நுழைய வேண்டும். மோவாய் நெஞ்சில் புதைந்தால் சின்னக் குழந்தைக்கு மூச்சுக்குழல் மடங்கி அடைபடலாம். முதல் நான்கு மாதங்கள் இதில் கூடுதல் கவனம் தேவை. குறை மாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம்.

சரி, அழுகை குறைந்ததா? எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. குறைந்தது, ஆனால் நாங்கள் நினைத்த வழியில் அல்ல.

அழ ஆரம்பித்தவுடன் ஓடிப்போய்க் கேரியரை மாட்டுவதுதான் தொடக்கத்தில் எங்கள் வழக்கம். பாதி நேரம் பலித்தது, பாதி நேரம் அழுகை இன்னும் கூடியது. பிறகுதான் 1986இல் மான்ட்ரியாலில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அழுதாலும் அழாவிட்டாலும் குழந்தையை நாள் முழுக்க அவ்வப்போது தூக்கி வைத்திருக்கும்படி ஒரு பகுதித் தாய்மார்களைக் கேட்டுக்கொண்டார்கள். அழுகை உச்சத்துக்குப் போகும் ஆறாவது வாரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. மாலை நேரத்தில் 51 சதவீதம் குறைவு. ஆனால் ஏற்கெனவே விடாமல் அழும் குழந்தைகளுக்கு இதையே ஒரு வைத்தியமாகக் கொடுத்துப் பார்த்தபோது, 1991இல் வந்த இன்னொரு ஆய்வில், சொல்லும்படியான பலன் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் எங்கள் பழக்கத்தை மாற்றினோம். அழுகைக்கு மருந்தாக எடுப்பதை நிறுத்திவிட்டு, அவள் நன்றாக இருக்கும்போதே மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினோம். எங்கள் வீட்டுக்கு இது ஒத்துவந்தது. எல்லா வீட்டுக்கும் ஒத்துவரும் என்று நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

இந்த மாற்றத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதுவரை நாளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம்: குழந்தை விழித்திருக்கும் நேரம், வேலை நடக்கும் நேரம். அவள் எப்போது தூங்குவாள், எப்போது வேலையை முடிப்போம் என்றே ஓடிக்கொண்டிருந்தோம். அவள் நெஞ்சோடு இருக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பிரிவினை போய்விட்டது. துணி காயப்போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அவளுக்கோ அது திருவிழா. கூடையிலிருந்து நிறம் நிறமாக ஏதோ எழும்புகிறது, விரிகிறது, காற்றில் ஆடுகிறது. மூன்றாம் மாதத்தில் ஈரத் துணியிலிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. முகத்தைச் சுருக்கினாள், யோசித்தாள், பிறகு சிரித்தாள். அடுத்த துணியை நான் வேண்டுமென்றே கொஞ்சம் உதறினேன். பதினைந்து நிமிட வேலை அன்று முக்கால் மணி நேரமானது. யாருக்கும் அவசரமில்லை.

அலுவலக அழைப்புகளையும் அவளோடுதான் பேசினேன். நான் பேசினால் என் நெஞ்சு அதிரும், அந்த அதிர்வில் அவள் கன்னம் படிந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் தூங்கிவிடுவாள். என் பேச்சுக்கு ஆளைத் தூங்க வைக்கும் ஆற்றல் உண்டு என்பது அலுவலகத்தில் ஏற்கெனவே தெரிந்த செய்திதான்.

அப்பாக்களுக்கு இதை நான் தனியாகச் சொல்வேன். பாலூட்டும் அம்மாவிடம் குழந்தைக்கு இயல்பாகவே ஒரு ஒட்டுதல் வந்துவிடுகிறது. முதல் மாதத்தில் நான் ஏதோ உதவியாளன் போலத்தான் வீட்டில் திரிந்தேன். கேரியர் வந்த பிறகு மாலை நடை என் பொறுப்பானது. மனைவிக்கு அந்த ஒரு மணி நேரம் முழுசாகத் தூக்கம். எனக்கு, உச்சந்தலை வாசனை. அவளுக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குத் திரும்புவாள், தூக்கம் வருமுன் எந்தக் காதைத் தேய்ப்பாள் என்பதெல்லாம் மனைவிக்கு முன்பே எனக்குத் தெரியவந்தது. இடது காது.

இந்தத் தயாரிப்பின் வரலாறும் சுவையானது. 1960களில் டோகோ நாட்டில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தன்னார்வத் தொண்டு அமைப்பில் செவிலியாகப் பணியாற்றிய ஆன் மூர், அங்கே அம்மாக்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பித் தனக்குக் குழந்தை பிறந்தபோது, அதே போல ஒன்றைத் தன் அம்மாவைக் கொண்டு தைக்க வைத்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று கடையில் தொங்கும் கேரியர்களுக்கு அது ஒரு முன்னோடி. பட்டையும் பக்கிளும் புதியவை, யோசனை பழையது.

தூங்கிய பிள்ளையைப் படுக்கையில் இறக்குவதைச் சொல்லாமல் விட்டால் இந்த அனுபவம் பாதிதான். அதுவும் இந்தக் கேரியரின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது: பக்கிள் சத்தம். நாற்பது நிமிடம் நடந்து தூங்க வைத்து, விளக்கணைத்து, மூச்சடக்கி, பக்கிளை அழுத்தினால் "டக்". கண் திறந்துவிடும். எத்தனை இரவுகள் அந்த ஓர் ஒலிக்காக மறுபடி நடந்திருக்கிறேன்! இப்போது உள்ளங்கையால் பக்கிளை முழுக்க மூடி, துணியோடு சேர்த்து அழுத்துகிறேன். சத்தம் முக்கால்வாசி அடங்கிவிடும். ஆனால் குற்றம் முழுக்கப் பக்கிள்மேல் இல்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குழந்தையை விழிக்க வைப்பது படுக்கையில் படும் கணம் அல்ல, நம் உடம்பிலிருந்து பிரியும் கணம் என்று இதயத்துடிப்பை அளந்து சொன்னார்கள். அவர்கள் தந்த யோசனை: ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும், தூங்கியதும் உடனே இறக்காமல், ஐந்து முதல் எட்டு நிமிடம் தூக்கியபடியே உட்கார்ந்திருந்துவிட்டு இறக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அந்த எட்டு நிமிடம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது முதலில் தண்டனையாகத் தெரிந்தது. இப்போதெல்லாம் எட்டு பன்னிரண்டாகிறது. யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வியர்வை. இரண்டு உடம்பும் ஒட்டியிருப்பதால் அரை மணி நேரத்தில் என் சட்டையும் அவள் சட்டையும் நனைந்துவிடும். அவளுக்கு ஒரு சுற்றுத் துணி குறைவாகவே உடுத்த வேண்டும். கேரியர் வாங்கும்போதே வலைத்துணி வைத்ததைப் பார்த்து வாங்கியிருக்கலாம். தோள்பட்டைகளை அவள் சப்பிச் சப்பி, நான்காம் மாதத்தில் ஒரு புளித்த வாடை நிரந்தரமானது. பட்டை முனையில் சுற்றி ஒட்டிக்கொள்ளும் சின்னத் துணிகள் நான்கு தைத்த பிறகுதான் மொத்தக் கேரியரையும் வாரம் ஒருமுறை துவைக்கும் தொல்லை தீர்ந்தது. ஒருமுறை, வரிசையில் நிற்கும்போது, டயப்பர் கைவிட்டது. அதற்கு மேல் விவரம் வேண்டாம். மாற்றுச் சட்டை என்பது குழந்தைக்கு மட்டுமல்ல, நமக்கும் பையில் இருக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அப்புறம், கீழே பார்த்தால் நம் கால் தெரியாது. படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தே ஆக வேண்டும். குனிவதானால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழ வேண்டும். அடுப்புப் பக்கம், சூடான பானம், வண்டி ஓட்டுவது, சைக்கிள், இவை நான்கும் எங்கள் வீட்டில் தடை. கை காலியாக இருக்கிறது என்பதற்காக எல்லா வேலையும் செய்துவிட முடியாது.

ஐந்தாம் மாதம், கழுத்து நன்றாக நின்ற பிறகு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம். அந்தப் பருவத்துக்குப் பிள்ளைத்தமிழில் செங்கீரை என்று பெயர், தலையை நிமிர்த்தி அசைத்தாடும் பருவம். அவளும் அப்படித்தான் உலகத்தைப் பார்க்கத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். எதிரில் வருபவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் புகழ் கிடைத்தது. ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் போனால் திகட்டிவிடும் அவளுக்கு. முகத்தைத் திருப்பி ஒளிய இடம் தேடுவாள். கண் சொக்கினால் உடனே உள்பக்கம் திருப்பிவிடுவோம், வெளிப்பக்கம் பார்த்தபடி தூங்க விடுவதில்லை. எட்டாம் மாதத்தில், நன்றாக உட்காரப் பழகிய பிறகு, முதுகுக்கு மாற்றினோம். தோள்வலி அன்றே பாதியாகக் குறைந்தது. ஆனால் முகம் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம். தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுப்பதுதான் அவள் இருப்பதற்கு அடையாளம்.

மனைவிக்கும் எனக்கும் உயரம் ஒரு சாண் வித்தியாசம். ஒவ்வொரு முறையும் பட்டையை அளந்து மாற்றுவதே பெரிய பாடு, சண்டை வேறு. கடைசியில் பட்டையில் என் அளவுக்குச் சிவப்பு நூல், அவள் அளவுக்கு நீல நூல் என்று தைத்துவிட்டோம். வாங்கும்போதே இருவரும் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்கு இடுப்பில் வெட்டும்.

13 மாதத்தில் துணி ஒரு இடத்திலும் கிழியவில்லை. பக்கிள்கள் மூன்றும் உறுதியாக இருக்கின்றன. மாதம் ஒருமுறை தையல்களை இழுத்துப் பார்ப்பேன். நிறம் மட்டும் வெளுத்துவிட்டது. 9.4 கிலோவுக்கு என் முதுகு நாற்பது நிமிடம் தாங்குகிறது, மனைவிக்கு இருபத்தைந்து. மகள் நடக்கத் தொடங்கிவிட்டதால் போகும்போது அவளே நடக்கிறாள். திரும்பும்போது கையைத் தூக்கிக்கொண்டு வழியை மறித்து நிற்பாள். அதற்காகக் கேரியரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே கிளம்புகிறோம்.

போன மாதம் நண்பர் ஒருவர், தன் வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது, கேரியர் சும்மாதான் இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த மாதம் தருகிறோம் என்றோம். நேற்று மறுபடி கேட்டார். நூலைப் பிரித்துவிட்டுக் கொடுத்துவிடலாமா என்று கத்தரிக்கோலை எடுத்தேன். மனைவி வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"அவருக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குங்க" என்றாள்.