டிவி பேட்டிக்கு முன் எடுத்த பயிற்சி வகுப்பு

எங்கள் சங்கத்தின் சார்பில் டிவியில் பேச வேண்டியிருந்ததால் ஒரு பேட்டிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். முதல்முறை பேசப்போகிறவர்கள் தயங்காமல் சேரலாம். வந்ததும் வராததுமாகக் கேமரா முன் உட்காரவைத்து, சொல்ல வந்ததை 20 விநாடிக்குள் சொல்லச் சொன்னார் பயிற்சியாளர். நீட்டி முழக்கினால் எடிட்டிங்கில் எந்த வரி மிஞ்சும் என்பது நம் கையில் இல்லையாம். பதிவு செய்யும் பேட்டியில் கேள்வியை வெட்டிவிடுவதும் உண்டு. அதனால் வெறும் 'ஆமாம்' என்று நிறுத்தாமல் முழு வாக்கியமாகப் பதில் சொல்லப் பழக்கினார். அப்புறம், காலர் மைக்கில் என் சங்கிலி உரசும் கரகர சத்தத்தை ஹெட்போனில் கேட்கவைத்தார். உடனே கழற்றிவிட்டேன். நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் நெளியும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஒரே குறை, நேரலைப் பயிற்சி போதவில்லை. இயர்பீஸில் கேள்வியைக் கேட்டுக்கொண்டே லென்ஸைப் பார்த்துப் பேசுவதற்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.