ஈறில் வளர்ந்த சிவப்புக் கட்டியும் அவசரப்படாத ஒரு பல் மருத்துவமனையும்

திருச்சியில் உள்ள இந்தப் பல் மருத்துவமனைக்கு நான் முதன்முதலில் சென்றது ஆறாவது மாதக் கர்ப்பத்தில். அதன்பின் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் எட்டு முறை சென்றிருக்கிறேன். கர்ப்ப காலத்தில் ஈறில் சதை வளர்ந்து இரத்தம் கசிந்து பயந்து போயிருக்கும் பெண்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் உதவும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஐந்தாம் மாதத்தில் காலையில் பல் துலக்கும்போது நுரையில் இரத்தம் தெரிய ஆரம்பித்தது. சில நாட்களில், மேல் வரிசை முன்பற்கள் இரண்டுக்கு நடுவே ஈறின் நுனி சிவந்து தடித்து, குன்றிமணி அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. ஆனால் முறுக்கு, கடலைமிட்டாய் போன்ற எது பட்டாலும் இரத்தம் வந்தது. மூன்றே வாரத்தில் அது சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து, சிரித்தால் வெளியே தெரியும்படி ஆகிவிட்டது. முதலில் சென்ற வேறொரு இடத்தில், இரண்டு நிமிடம் வாயைப் பார்த்துவிட்டு, மறுநாளே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எத்தனையாவது வாரம் என்றுகூடக் கேட்கவில்லை. புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையால் நானும் என் அம்மாவும் அன்றிரவு உறங்கவில்லை. உறவில் பெரியவர்களோ, கர்ப்பிணி பல் மருத்துவரிடமே போகக் கூடாது, பிள்ளை பிறக்கும்வரை பொறுத்துக்கொள் என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் என் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டபோது, ஈறு நோய்களுக்கென்றே படித்த ஒருவரிடம் காட்டச் சொன்னார். அப்படித்தான் இங்கே வந்தேன்.

இங்குள்ள ஈறு நோய் சிறப்பு மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே பத்து நிமிடம் பேசினார். எத்தனை வாரம், இரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கர்ப்பிணிகளுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எனக்கு 9.8தான் இருந்தது. ஈறிலிருந்து நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் போவது, ஏற்கெனவே சோகை உள்ள பெண்ணுக்கு நல்லதில்லை என்று சொல்லி, என் முன்னிலையிலேயே மகப்பேறு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். இரும்புச்சத்து மாத்திரையின் அளவு அன்றே மாற்றப்பட்டது. பல்லுக்காகப் போன இடத்தில் இந்த அக்கறையை நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்து, கட்டியைக் காட்டியே விளக்கினார். “பயப்படும் நோய் இல்லைம்மா இது; ஆனால் கவனிக்காமல் விடக்கூடியதும் இல்லை” என்றுதான் தொடங்கினார். இதைப் பேச்சுவழக்கில் பிரெக்னன்சி டியூமர் என்பார்களாம். டியூமர் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் கலங்கிவிடுகிறார்கள் என்பதால், அவர் அந்தப் பெயரைக் கடைசியில்தான் சொன்னார். மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்ட பெயர் பயோஜெனிக் கிரானுலோமா. சீழ் உண்டாக்கும் கிரானுலோமா (நாள்பட்ட அழற்சியில் திரளும் செல் முடிச்சு) என்பது அந்தப் பெயரின் பொருள்; ஆனால் இதில் சீழும் இல்லை, உண்மையான கிரானுலோமாவும் இல்லை. மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாகப் பெருகி உண்டாகும் தீங்கற்ற வளர்ச்சி என்பதால், லோபுலார் கேப்பிலரி ஹீமாஞ்சியோமா என்ற பெயரே பொருத்தமானது என்றார். 1897இல் பொன்சே, டோர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தபோது, குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்று மனிதருக்கும் வந்திருப்பதாகக் கருதினார்கள் என்று பின்னர் படித்தேன். அத்தகைய பழைய பிழைகளின் எச்சம்தான் இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் மிகுவதால் ஈறின் இரத்தக் குழாய்கள் எளிதில் தூண்டப்படுகின்றன. ஆனால் ஹார்மோன்கள் மட்டும் காரணமில்லை. பல்லின் இடுக்கில் படிந்த காறையும் அழுக்குப் படலமும் ஓயாமல் உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் குறிப்பிட்ட அந்த இடத்தில் கட்டி முளைக்கிறது. எனக்குக் கட்டி இருந்த பல்லின் உட்புறத்தில் படிந்திருந்த காறையை அவர் காட்டியபோது உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. மசக்கை நாட்களில் குமட்டல் வரும் என்று பயந்து பிரஷை உள்ளே விடாமல் மேலோட்டமாகவே துலக்கி வந்தேன். அந்த நாட்களில் சிறிய தலை கொண்ட பிரஷ் பயன்படுத்தலாம் என்றும், வாந்தி எடுத்தவுடன் துலக்காமல் முதலில் வாய் கொப்பளித்துவிட்டுச் சற்று நேரம் கழித்துத் துலக்க வேண்டும் என்றும் எவராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

என் கழுத்தில் இருந்த சிறு சிவப்புப் புள்ளியையும் அவரே கவனித்தார். நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போலப் பிரியும் நுண்ணிய கோடுகளுமாக அது இருந்தது. நடுவில் அழுத்தினால் மறைந்து, விரலை எடுத்ததும் நடுவிலிருந்தே மீண்டும் சிவந்தது. உள்ளங்கைகளும் அப்போது சிவந்திருந்தன. கர்ப்பத்தில் தோலில் இத்தகைய இரத்தக் குழாய் மாற்றங்கள் சாதாரணமாகத் தோன்றிப் பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் மறைந்துவிடும் என்று சொன்னவர், கல்லீரல் கோளாறிலும் இவை வரக்கூடும் என்பதால் மஞ்சள் காமாலை வந்ததுண்டா, உடலில் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அந்தப் பேச்சை விட்டார். ஈறில் வருவது போன்ற கட்டியே சிலருக்கு விரலிலோ உதட்டிலோகூட வரும் என்று அன்றுதான் அறிந்தேன்.

சிகிச்சை என்று அப்போது செய்தது பல் சுத்தம் மட்டுமே. நாற்காலியில் முழுவதுமாக மல்லாத்திப் படுக்க வைக்காமல், வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கனத்த கருப்பை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தினால் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம் என்பதுதான் காரணம். எலும்பில் பாதிப்பு இல்லை என்று பார்க்க ஒரே ஒரு சிறிய எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈயக் கவசத்தை வயிற்றுக்கும் கழுத்துக்கும் போட்டார்கள். என் மாமியார் இதற்கு முதலில் சம்மதிக்கவில்லை. மருத்துவர் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, படம் எடுக்கப்படுவது பல்லைத்தான், வயிற்றை நோக்கி இல்லை என்பதைக் கருவியைக் காட்டியே பொறுமையாக விளக்கினார். காறையை எடுக்கும்போது நிறைய இரத்தம் வந்தது. துணியால் அழுத்திப் பிடித்ததும் நின்றுவிட்டது. இரண்டே வாரங்களில் துலக்கும்போது வரும் கசிவு வெகுவாகக் குறைந்தது.

கட்டியை ஏன் அப்போதே வெட்டவில்லை என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த மருத்துவமனையின் மீது எனக்கு நம்பிக்கை பிறக்கக் காரணம். கர்ப்பம் தொடரும்போது எடுத்தால் அதே இடத்தில் மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்குப் பின் ஹார்மோன்களின் அளவு இறங்கும்போது பல கட்டிகள் தாமாகவே சுருங்கிவிடும். சாப்பிட முடியாமல் போனாலோ, இரத்தம் நிற்காமல் வந்தாலோ, கட்டியின் தோற்றத்தில் சந்தேகம் எழுந்தாலோ கர்ப்பத்திலேயே எடுப்போம், அதற்கும் இந்த நடு மூன்று மாதங்கள் ஏற்றவை என்றார். வெட்டியிருந்தால் அவர்களுக்கு அன்றே வருமானம். பல் சுத்தத்துக்கு 1,200 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு மாதம் ஒருமுறை வரச் சொன்னார்கள். பிரசவம் வரை வந்து காட்டிய நாட்களுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் கட்டியிலிருந்து இரத்தம் வழிந்தது. அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தேன், மருத்துவரே எடுத்தார். சுத்தமான துணியை ஈரமாக்கி, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல், பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அப்படியும் நிற்காவிட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்றார். நின்றுவிட்டது. மறுநாள் காலையில் முதல் ஆளாக என்னைப் பார்த்தார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு மாதத்தில் கட்டி வெளிறிச் சுருங்கி மிளகு அளவுக்கு வந்தது. கழுத்திலிருந்த புள்ளியும் மங்கிவிட்டது. எஞ்சிய துண்டு கெட்டிப்பட்டு அப்படியே நின்றதால் நான்காம் மாதத்தில் எடுத்தார்கள். லேசரில் எடுக்க 6,000 ரூபாய், கத்தியில் எடுக்க 3,500 ரூபாய் என்று இரண்டையும் சொல்லிவிட்டு, இவ்வளவு சிறிய துண்டை லேசரில் எடுத்தால் சூட்டில் விளிம்பு கருகிப் பரிசோதனையில் படிப்பது கடினமாகலாம் என்று அவரே கத்தியைப் பரிந்துரைத்தார். அடியோடு எடுத்து, பக்கத்துப் பற்களின் வேரையும் சுத்தம் செய்து இரண்டு தையல் போட்டார். மரத்துப்போகப் போட்ட ஊசியால் பால் கொடுப்பதற்குத் தடையில்லை என்றார். வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் பால் கொடுத்தேன். பரிசோதனை அறிக்கை தீங்கற்ற வளர்ச்சி என்றே உறுதிசெய்தது. ஈறில் இதைப் போலவே தோன்றும் வேறு கட்டிகளும் உண்டு என்பதால், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாத இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. எட்டு மாத வயிற்றோடு அந்தப் படிகளில் ஏறுவது பெரும்பாடு. நேரம் குறித்துக் கொடுத்தாலும் முக்கால் மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது, அதுவும் முதுகுச் சாய்வு இல்லாத பெஞ்சில். சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. என் மாமியார் போன்றவர்கள் தாமே படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தால் வீட்டில் பாதி வாக்குவாதம் குறையும். இதை வரவேற்பில் எழுதியே கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்கச் சென்றபோது பெஞ்ச் மாறியிருந்தது, தாள் மாறவில்லை. ஈறில் கட்டி மீண்டும் வரவில்லை.

ஈறு மருத்துவர் செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டுமே இருக்கிறார். கர்ப்பிணிகள் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் தாய் சேய் நல அட்டையையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். முன்கூட்டியே அழைத்துச் சொன்னால், படி ஏறும்போது கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவரைக் கீழே அனுப்புகிறார்கள்.