ஸ்கைரிமா ஃபாலவுட்டா? 12 வருசமா ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடுனவன் சொல்லுதேன்

போன வாரம் எங்க அக்கா மவன் போன் போட்டான். பரீட்சை முடிஞ்சு லீவுல கிடக்கான், கையில ஒரே ஒரு கேம் வாங்குத அளவுக்குத்தான் காசு இருக்கு. "மாமா, டிராகன் வாரத வாங்கவா, அணுகுண்டு போட்டு அழிஞ்சு போன உலகத்த வாங்கவா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க"ன்னான். டிராகன் வாரது ஸ்கைரிம், அணுகுண்டு உலகம் ஃபாலவுட் வரிசை, எல்லாம் கம்ப்யூட்டர் கேமுதான். யோசிச்சு சொல்லுதேன் மருமவனேன்னு வச்சிட்டேன். யோசிச்சா அது ஒத்த வரியில முடியுத சோலியா தெரியல, அதான் இங்கன உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன்.

முதல்ல கணக்கு. ஸ்கைரிம் 700 மணி நேரம் தாண்டியாச்சு. ஃபாலவுட் நியூ வேகாஸ் 450 இருக்கும், ஃபாலவுட் 4 ஒரு 250, விட்சர் 3 ஒரே ஒரு தடவ முழுசா. இதெல்லாம் ஒரே மூச்சுல ஆடுனது இல்ல, 2013-ல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு கைமாத்தா வாங்குனதுல இருந்து ராத்திரி கடைய அடச்சிட்டு வந்து சாப்ட்டு முடிச்சிட்டு, வீட்டுல எல்லாரும் படுத்த பொறவு மச்சுல உக்காந்து ஆடுனது. எங்கம்மாவுக்கு நான் இன்னும் கோட்டிதான்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11-ல வந்த கேம், எனக்கு ரெண்டு வருசம் கழிச்சுதான் கிடைச்சுது. ஆரம்பமே குதிர வண்டியில கைய கட்டி உக்கார வச்சு கூட்டிட்டு போறான், தலைய வெட்டுத கட்டைக்கு பக்கத்துல நிறுத்துதான், வெட்டப்போற நேரத்துல டிராகன் வந்து ஊரையே கொளுத்துது. தப்பிச்சு குகைக்குள்ள பூந்து வெளிய வந்தா மலை, பைன் மரம், ஆறு, பனி. நான் பொறந்ததுல இருந்து பாத்த குளிருன்னா மாஞ்சோலை மலையில ஒரு மார்கழி காலைல பாத்ததுதான். அந்த பனியில எங்க வேணா போலாம்னு விட்டப்ப நான் கதையையே மறந்துட்டு மூணு நாளு சும்மா நடந்தேன். அதுல ஒரு விசேஷம் என்னன்னா நீ எத செய்யுதியோ அதுதான் வளரும், வாள வீசுனா வாள் வித்தை ஏறும், ஒளிஞ்சு ஒளிஞ்சு போனா ஒளியுற தெறமை ஏறும். தொடங்கும்போதே நான் மந்திரவாதின்னு எழுதிக் கொடுக்க வேண்டாம். அதனால எல்லாரும் கடைசியில போய் நிக்குறது இருட்டுல உக்காந்து அம்பு விடுத ஆளாத்தான், நானும் அதே. அஞ்சு தடவ புதுசா ஆரம்பிச்சு அஞ்சு தடவையும் அம்புதான்.

ஃபேன்டசின்னா நமக்கு சம்பந்தமில்லாத வெள்ளக்காரன் சமாச்சாரம்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படி படல. அந்த கேம்ல தொண்டைய வச்சு அடிக்கலாம், ஃபுஸ் ரோ டான்னு ஒரு சத்தம் போட்டா எதிர்ல நிக்குறவன் பறந்து போய் விழுவான். எங்க தெரு சுடலமாடன் கொடையில சாமி இறங்குனதும் ஒரு சத்தம் குடுப்பாவோ, கூட்டம் தானா ரெண்டடி பின்னால போவும், அத பாத்து வளந்தவனுக்கு இது என்ன புதுசா. அப்புறம் அந்த பழைய கல்லறை குகை எல்லாம். உள்ள போனா செத்தவன் எந்திரிச்சு வந்து வெட்டுவான், ட்ராகர்னு பேரு. திருச்செந்தூர் ரோட்டுல போற வழியில ஆதிச்சநல்லூர் பரம்பு இருக்குல்லா, முதுமக்கள் தாழி எடுத்த எடம், 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டி இரும்பும் வெண்கலமும் தங்கப் பட்டமும் எடுத்தாருன்னு சொல்லுவாங்களே அதுதான். பஸ்சுல அந்த பக்கம் போறப்பல்லாம் இப்பவும் எனக்கு அந்த குகைதான் ஞாவகம் வரும், தாழிக்குள்ள இருந்து ஒருத்தன் எந்திரிச்சா என்ன பண்ணலாம்னு மனசு கணக்கு போடும்.

ஆனா குறை இல்லாம இல்ல. ஸ்கைரிம்ல நீ எங்க போனாலும் உன்ன தலைவர் ஆக்கிருவாங்க. திருடன் கூட்டத்துக்கு தலைவரு, கொலைகார கூட்டத்துல பெரிய ஆளு, வின்டர்ஹோல்டு மந்திர காலேஜுல ரெண்டே ரெண்டு மந்திரம் தெரிஞ்சவன புடிச்சு மொத்த காலேஜுக்கும் பெரியவரா உக்கார வச்சிருவாங்க. அவ்வளவு ஆனாலும் ஊருக்குள்ள போனா காவக்காரன், முந்தி நானும் உன்ன மாதிரி சுத்துனவன்தான், முழங்கால்ல அம்பு பட்டுட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுத அதே கதையத்தான் சொல்லுதான். 300 மணி நேரம் தாண்டுன பொறவு என்கிட்ட இல்லாதது ஒண்ணுமில்ல, டிராகன் எலும்புல சட்டை, வீடு நாலு, பெட்டி பெட்டியா பாலாடைக்கட்டி. சேக்குறதுதான் சோலின்னு ஆயிட்டு. தூக்க முடியாம எடை கூடி நடுரோட்டுல ஆமை மாதிரி ஊந்து போன நேரத்த கூட்டுனா ஒரு டிகிரி முடிச்சிருக்கலாம்.

நியூ வேகாஸ் 2010-ல வந்தது, அப்சிடியன்னு ஒரு கம்பெனிக்காரங்க செஞ்சது. நான் 2015-லதான் தொட்டேன். அங்க நீ ஒரு கூரியர் ஆளு, பார்சல் கொண்டு போறவன், அவ்வளவுதான். தலையில சுட்டு குழியில போட்டு மூடிருவாங்க, எவனோ தோண்டி எடுத்து குட்ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர்ல வைத்தியர் கிட்ட கொண்டு போடுவான். பொழச்சு வெளிய வந்தா பொட்டக்காடு. வெயிலு, செம்மண்ணு, முள்ளு, தூரத்துல தகரக் கொட்டாய். ராதாபுரம் பக்கம் சித்திரையில போயிருக்கியளா, சாத்தான்குளம் தாண்டி தேரிக்காட்டுக்குள்ள நின்னுருக்கியளா, அதேதான். ஸ்கைரிம்ல வாய பொளந்துகிட்டு பாத்தேன், இங்க பாத்ததும் அட இது நம்ம பக்கம்லான்னு இருந்துச்சு.

அந்த ஊர்ல இருந்து வடக்கால பாத்தா வேகாஸ் லைட்டு மினுமினுன்னு தெரியும். நேரா போனா பக்கம். நானும் போனேன். வழியில டெத்கிளான்னு ஒண்ணு, ஆள் உயரத்துக்கு மேல, நகம் ஒவ்வொண்ணும் அரிவா மாதிரி, ஒரே வீச்சு. திரும்ப போனேன், திரும்ப ஒரே வீச்சு. வேற பக்கமா சுத்துனா கசடோர்னு விஷ குளவி, மாடு தண்டி. கேமு சொல்லாம சொல்லுது, தெக்க போய் ப்ரிம், நிப்டன், நோவாக்னு சுத்திட்டு வாலேன்னு. எங்க திருநெல்வேலியில வண்ணார்பேட்டையில இருந்து ஜங்ஷனுக்கு நாங்குநேரி சுத்தி போன கதைதான், ஆனா அந்த சுத்துலதான் மொத்த கேமும் இருக்கு.

அதுல ஹார்ட்கோர் மோடுன்னு ஒண்ணு உண்டு. பசி, தாகம், தூக்கம் மூணும் ஏறிட்டே இருக்கும், துப்பாக்கி குண்டுக்கும் எடை, கூட வாரவன் செத்தா செத்ததுதான். இத போடாம ஆடுனா நியூ வேகாஸ் பாதி கேமு. ஸ்கைரிம்ல என்ன இருக்குன்னு எண்ணுவேன், இங்க என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணுவேன். தண்ணி பாட்டில் மூணு, குண்டு நாப்பது, இருட்டுறதுக்குள்ள ஒரு கட்டில் கிடைக்கணும். பாழான வீட்டு கக்கூசு தண்ணிய குடிக்கலாமான்னு கதிர்வீச்சு எவ்வளவுன்னு பாத்து முடிவு பண்ணுவ, குடிப்ப, அப்படி ஒரு கேமு. 1997-ல வந்த முதல் ஃபாலவுட்டே தண்ணிய வச்சுதான், பதுங்கு அறையில தண்ணி சுத்தம் பண்ணுத சில்லு போச்சு, 150 நாளுக்குள்ள வேற கொண்டு வான்னு அனுப்புவாங்க. அங்க காசுக்கு பதிலு சோடா மூடிதான் ஓடும், அந்த மூடிக்கு மதிப்பு குடுக்குறதே யாவாரிமாரு கையில வச்சிருக்குத தண்ணிதான். இத படிச்ச அன்னிக்கு நான் வீட்டுல கிடந்த பொவண்டோ மூடி நாலஞ்ச எடுத்து மேசையில வச்சேன், சும்மாதான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒட்டல. கதிர்வீச்ச அவன் விளையாட்டா எடுத்துக்கிட்டான். மருந்து ஒரு பை ஏத்துனா உடம்ப விட்டு போயிரும். எங்களுக்கு கூடங்குளம் பக்கம், 2011-ல இடிந்தகரையில சனம் உக்காந்து போராடுனப்ப கதிர்வீச்சுன்னா டீக்கடை பேச்சு, அப்ப பெரியாளுவ பேசுன பேச்சுல ஒரு பை மருந்து எங்கயும் வரல. கேமுதானல்லான்னு விட்டுட வேண்டியதுதான், ஆனாலும் உறுத்தும்.

நியூ வேகாஸ்ல ஒரு எடம் சொல்லுதேன், கதை தெரிய வேண்டாம்னா இந்த பாராவ தாண்டிருங்க. வால்ட் 11, அணுகுண்டுக்கு தப்பிக்க சனம் இருந்த ஒரு பதுங்கு அறை. உள்ள போனா ஆளே இல்ல, செவுரு பூரா தேர்தல் போஸ்டரு. என்னடான்னு அங்கங்க கிடக்குத கம்ப்யூட்டர்ல படிச்சு படிச்சு போனா, வருசத்துக்கு ஒருத்தர பலி குடுக்கணும், இல்லன்னா எல்லாருக்கும் சாவுன்னு அவங்க கிட்ட சொல்லியிருக்கு. யார பலி குடுக்குறது? தலைவராவுறவரத்தான். அதனால எதிராளிய ஜெயிக்க வைக்கத்தான் அடிச்சுக்கிட்டு ஓட்டு கேட்டிருக்காங்க. கடைசியில ஒரு உண்மை தெரியும், அத நான் சொல்லமாட்டேன். அன்னிக்கு ராத்திரி மூணு மணிக்கு படுத்தேன், தூக்கம் வரல. ஸ்கைரிம் 700 மணியில இப்படி ஒரு ராத்திரி எனக்கு குடுக்கல.

இதோட முடிச்சிருந்தா நியூ வேகாஸ்னு சொல்லிட்டு போயிருப்பேன். ஆனா 2023 டிசம்பர் 17 வந்துச்சு. ஞாயித்துக்கெழம. காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்ச மழை அது. எங்க வீடு கைலாசபுரம் பக்கம், ஆத்துக்கு கிட்ட. குறுக்குத்துறை கோயிலு முங்குறது எங்களுக்கு புதுசில்ல, மழைக்கு மழை பாக்குறதுதான், ஆனா தாமிரபரணி வீட்டு வாசப்படி ஏறி வந்தத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். கீழ இருந்த சாமான மச்சுக்கு ஏத்துனோம், ஏத்துனதுல முதல் சாமான் லேப்டாப்பு, அதுக்கு அம்மா கிட்ட வாங்குன ஏச்சு தனி. கரண்டு இல்ல, போன் இல்ல, சுத்தி தண்ணி, குடிக்க ரெண்டு குடம். அத நாலு பேருக்கு எண்ணி எண்ணி ஊத்துனேன். எங்கயோ எண்ணி பழகுன மாதிரி இருந்துச்சு, எங்கன்னு பைய ஞாவகம் வந்தப்ப எனக்கு சிரிப்பு வரல.

தண்ணி வடிஞ்சு, சேத்த அள்ளி, தை மாசம் எல்லாம் ஒரு மட்டுக்கு ஆன பொறவு நியூ வேகாஸ தொறந்தேன். பாழடஞ்ச ஒரு வீடு, கவுந்து கிடக்குத பிரிட்ஜு, அலமாரியில ஊறிப்போன புஸ்தகம். மூடிட்டேன். அடுத்த ஆறு மாசம் ஸ்கைரிம்தான், அதுவும் சண்டை கிடையாது, வைட்ரன் ஊரு பக்கத்துல லேவண்டர் பூ பறிக்குறது, சூப் வைக்குறது, மாடு பாக்குறது. முந்தி எந்த கேம இங்க ஆபத்தே இல்லைன்னு குறை சொன்னேனோ அது உள்ளயே போய் கிடந்தேன். நாலு வீடும் பாலாடைக்கட்டி பெட்டியும் அப்ப சலிக்கல.

திரும்ப நியூ வேகாஸ் பக்கம் போனது ஆடி கழிஞ்சு. அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். அழிஞ்ச உலகம்னு செய்யுத கேம்ல எல்லாம் ரோட்டுல எதிர்ல வாரவன் முக்கால்வாசி துப்பாக்கியோட வருவான். அந்த வெள்ளத்துல எங்க தெருவுக்குள்ள எதிர்ல வந்தவன் பால் பாக்கெட்டோட வந்தான். கடக்கரை ஆளுவ வள்ளத்த லாரியில ஏத்தி கொண்டாந்தாவோ, யாரு என்ன சாதி என்ன மதம்னு கேக்காம பொட்டலம் வந்துச்சு. இது எந்த கேம்ல இருக்குன்னு தேடுனா, அதே குட்ஸ்பிரிங்ஸ்ல ஆரம்பத்துலயே இருக்கு, நான்தான் முதல் தடவ வெரசா தாண்டி போயிட்டேன். ரவுடிக கூட்டம் ஊர அடிக்க வாரப்ப நீ ஒவ்வொருத்தரா போய் பேசணும், வைத்தியரு மருந்து குடுப்பாரு, கடக்காரன் மூக்கால அழுதுகிட்டே குண்டும் சட்டையும் குடுப்பான், ஒரு கெழவரு ஒளிச்சு வச்ச வெடிய குடுப்பாரு. ஃபாலவுட் 4-லயும் உண்டு, சோளம் நட்டு, தண்ணி மெஷின் வச்சு, கட்டில் போட்டு ஊரு உண்டாக்கலாம். நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒருத்தன் வந்து இன்னொரு ஊருக்கு உதவி வேணும் இன்னொரு ஊருக்கு உதவி வேணும்னு உசுர வாங்குவான்.

விட்சர் 3 பத்தி கேப்பிய. 2015-ல வந்தது, டிராகன் பக்கத்து சாதிதான், ஆனா அந்த வெலன் நாட்டுக்குள்ள போனா சண்டையில அழிஞ்ச ஊரு, மரத்துல தொங்குத பொணம், பசி. ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். ஒரு தடவைக்கு மேல என்னால முடியல, அது குறை இல்ல.

வாங்குறவங்களுக்கு சில்லறை சமாச்சாரம். நியூ வேகாஸ் முழுக்க பேச்சு, இங்கிலீஷ் படிக்க படிக்கத்தான் ருசி, நான் முதல் தடவ பாதி புரியாமத்தான் ஆடுனேன். ஸ்கைரிம்ல அம்புக்குறி பாத்து போனா போதும், கடை அடச்சிட்டு அசந்து வந்த அன்னிக்கு அரை மணி நேரம் ஆடலாம். ரெண்டுலயும் ஒரே சேவ் ஃபைல நம்பாதிய. நான் ஸ்கைரிம்ல ஆசைப்பட்டு, ஆடுதவங்களே செஞ்சு போடுத ஒட்டு வேலை, மோடுன்னு சொல்லுவாங்க, அதுல 150 ஏத்தி ஒண்ணோட ஒண்ணு முட்டி 80 மணி நேர ஆட்டத்த நானே சவமாக்குனேன். மோட முதல் தடவ தொடாதிய. பழைய லேப்டாப்புன்னா இந்த ரெண்டும் தாங்கும், ஃபாலவுட் 4 மூச்சு வாங்கும்.

மருமவனுக்கு நியூ வேகாஸ்தான் சொன்னேன். அவன் வீடு தென்காசி, அந்த மழையில அவங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆவல, தாங்குவான். ஸ்கைரிம் வேணும்னா நான் ஆடுத அக்கவுண்டையே தாரேன்னுட்டேன்.

நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு போன். "மாமா, வேகாஸ் லைட்டு நேரா வடக்கால தெரியுதே, அங்கிட்டு போய் பாக்கட்டா?"

"போயேன் மருமவனே"ன்னேன்.

பத்து நிமிசத்துல திரும்ப அடிச்சுது. எடுக்கல.